புந்தோங் கடலையும் ஆய்வுக்கூடக் கட்டணமும்

ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் கச்சாங் பூத்தே கிராமம் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கச்சாங் பூத்தே என்ற மலாய்ச் சொல்லின் நேர்ப்பொருள் வெள்ளைக் கடலை. கொண்டைக்கடலைக்கு வழங்கிய அந்தப் பெயர் இன்று வறுத்த நிலக்கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, மரவள்ளிச் சீவல் என எண்ணெய்ச் சட்டியிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்களே இத்தொழிலைத் தொடங்கியதாக அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் முதலில் குடியிருந்தது குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில். 1973 அக்டோபர் 18 அன்று அந்தக் குன்றின் ஒரு பக்கம் பெயர்ந்து வீடுகள்மேல் விழுந்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கடலைத் தொழிலின் இருப்பிடம் என்றால் புந்தோங் என்றாயிற்று.

இத்தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு பெரிய சட்டி, முறுக்கு அச்சு, முறம், நாலைந்து கைகள், கடனுக்கு நாலு மூட்டைச் சரக்கு ஆகியவை இருந்தால் போதும். பேராக் தமிழர்களுக்கு இதன் அருமை தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பது, அறுபதுகளின் தோட்டத் துண்டாடலும், பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்த மாற்றமும் சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் பல தலைமுறைகளாகத் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களை நகரத்துக்குத் தள்ளின. அப்படி வந்தவர்களின் கையில் நிலமும் இல்லை, சான்றிதழும் இல்லை. சமையற்கட்டில் தெரிந்த வேலையே வாசலில் கடையானது. இட்லி மாவு, மசாலைத் தூள், ஊறுகாய், பலகாரம் என்று இன்றும் நடக்கும் வீட்டுத் தொழில்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

இத்தகைய தொழில்களைச் சட்டம் தொடும் இடம் உணவுப் பாதுகாப்பு. 1952ஆம் ஆண்டின் உணவு, மருந்து விற்பனைச் சட்டத்தின் இடத்தில் மலேசியாவில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் வந்தது. எந்த உணவில் எது எவ்வளவு இருக்கலாம், உறையில் என்ன அச்சிட வேண்டும் என்பனவற்றை 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் வகுத்தன. செய்யும் இடம், செய்யும் ஆள், செய்யும் முறை மூன்றையும் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகள் கட்டுக்குள் கொண்டுவந்தன. வளாகப் பதிவு, உணவு கையாளுவோருக்குப் பயிற்சி, டைஃபாய்டு தடுப்பூசி, சரக்கு எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்ற பதிவேடு ஆகிய கடமைகள் அவற்றில் அடங்கும். சிறு உற்பத்தியாளர்களை இந்தப் பாதையில் ஏற்றுவதற்காகச் சுகாதார அமைச்சு வகுத்ததுதான் ‘மெஸ்தி’ சான்றிதழ். பேரங்காடி அலமாரியில் ஒரு பொட்டலம் ஏற வேண்டுமானால் இன்று அந்தச் சான்றிதழின் முத்திரை பெரும்பாலும் கேட்கப்படுகிறது.

இந்த விதிகள் அலுவலக மேசையில் சும்மா எழுதப்பட்டவை அல்ல என்பதைப் பேராக் மாநிலம் தன் குழந்தைகளை இழந்து அறிந்தது. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாக் காலத்தில், கம்பார், தெலுக் இந்தான் வட்டாரங்களில் குழந்தைகள் வாந்தி, காய்ச்சல், வலிப்பு என்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நினைவிழந்து 13 குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் எல்லாரும் அதற்குச் சில மணி நேரம் முன்பு உண்டது ‘லோ சீ ஃபன்’ என்ற குட்டையான, நுனி மெலிந்த அரிசி நூடுல்ஸ். அது ஒரே பட்டறையில் செய்யப்பட்டது என்று தெரிய வந்தது. பிணக்கூறாய்வில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு குழந்தைகளின் உடலில் காணப்பட்டது. உணவில் சேர்க்கக் கூடாத போரிக் அமிலமும் இருந்தது. பின்னர் மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுகள் இச்சம்பவத்தை உலக அளவில் கடுமையான அஃப்ளாடாக்சின் நஞ்சேற்றத்தின் முக்கிய உதாரணங்களில் ஒன்றாக வைத்தன. சிறு பட்டறைகளுக்கு இவ்வளவு சோதனை எதற்கு என்ற கேள்வி பேராக்கில் எழும்போதெல்லாம் கம்பாரின் பெயர் பதிலாக வந்து நிற்கும். வர வேண்டியதும்தான்.

அஃப்ளாடாக்சின் என்ற பெயரே உலகுக்குத் தெரிய வந்தது 1960க்குப் பிறகு. அந்த ஆண்டு இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கில் விடை கிடைத்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளரும் கடலையிலும் சோளத்திலும் இந்த நஞ்சு உண்டாகிறது. அளவு மிகுந்தால் ஈரல் உடனே சிதையும். சிறு அளவில் ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் வரும். வறுப்பதால் நஞ்சு ஓரளவு குறையுமே தவிர முற்றாக அழியாது. எனவே சட்டியின் சூட்டை நம்பியிருக்க முடியாது. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், பதப்படுத்தலுக்குப் போகும் நிலக்கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று மொத்த அஃப்ளாடாக்சினுக்கு எல்லை வகுத்திருக்கிறது. மலேசியாவிலும் பச்சைக் கடலைக்கு அதே எல்லைதான். நேரே உண்ணத்தக்க கடலைக்கு 10 மைக்ரோகிராம்.

எண்களில் சிக்கல் இல்லை. அவற்றை அளக்கும் இடத்தில்தான் சிறு தொழிலின் கழுத்து நெரிகிறது.

உப்பு கரைசலில் பரவுவதுபோல இந்த நஞ்சு மூட்டை முழுவதும் பரவி நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புகளுக்கு நடுவே ஒரு கெட்ட பருப்பு இருக்கும். அந்த ஒன்றிலேயே கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவுகூட இருக்கலாம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். ஒரு பருப்பின் எடை அரை கிராம் என்று கொண்டால் 20 கிலோவில் 40,000 பருப்பு இருக்கும். அவற்றில் ஒன்றே ஒன்று அப்படிக் கெட்டிருந்தாலும் அதனுள் 500 மைக்ரோகிராம் நஞ்சு. அதை 20 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். மொத்தச் சரக்கும் எல்லையைத் தாண்டிவிடும். கையளவு கடலையை உறையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அந்த ஒரு பருப்பு அதில் சிக்காமல் போகும் வாய்ப்பே அதிகம். இதனால்தான் கோடெக்ஸின் மாதிரித் திட்டம் சரக்கின் பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த 20 கிலோவை அரைத்துச் சோதிக்கச் சொல்கிறது. 25 டன் கொள்கலனுக்கு 20 கிலோ மாதிரி ஒரு பொருட்டே அல்ல. நாளுக்கு ஒரு 50 கிலோ மூட்டையை வறுத்து விற்பவருக்கு அது மூட்டையில் ஐந்தில் இரண்டு பங்கு.

கட்டணத்தின் கணக்கும் இதே வழியில்தான் போகிறது. ஆய்வுக்கூடம் மாதிரிக்குக் கட்டணம் வாங்கும், கிலோவுக்கு வாங்காது. ஒரு சோதனைக்கு 300 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே வகையை 20 டன் தொகுதியாகச் செய்யும் ஆலைக்கு அது கிலோவுக்கு ஒன்றரைக் காசு. அதே வகையை 20 கிலோ செய்யும் வீட்டுக்குக் கிலோவுக்கு 15 ரிங்கிட், அதாவது ஆயிரம் மடங்கு. இத்தோடும் முடியவில்லை. ஆலை நாலு வகை செய்தால் கச்சாங் பூத்தே கடை நாற்பது வகை செய்யும். அந்தத் தொழிலின் கவர்ச்சியே அதுதான். வகைக்கு ஒரு சோதனை என்றால் வகை கூடக் கூடச் செலவும் கூடும். சிறியவர் பெரியவரோடு போட்டியிட நம்பியிருக்கும் ஒரே பலம் அவருக்கே பாரமாகிறது. சோதனை விதி எந்த நாட்டில் வந்தாலும் முதல் குரல் சிறு உற்பத்தியாளரிடமிருந்தே எழுவதற்கு இந்தக் கணக்கு போதுமான காரணம். ஒழுங்கீனத்தை மறைக்கும் கூச்சல் என்று அதைத் தள்ளிவிடுவது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

மலேசியாவில் அந்தக் குரல் பெரும்பாலும் மனுவாகவும் காலநீட்டிப்பு வேண்டுகோளாகவும் வருகிறது. 2023 தொடக்கத்தில் உணவு கையாளுவோர் டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற விதி கடுமையாக அமலாக இருந்தபோது தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது, விலையும் ஏறியது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அவகாசம் கேட்டன, அமலாக்கம் தள்ளிப்போனது. விதியின் நோக்கத்தை அந்தச் சங்கங்கள் எதிர்க்கவில்லை, அதன் நாளையும் விலையையுமே எதிர்த்தன. சங்கம் வைத்துப் பேச வழியில்லாதவர்களின் எதிர்ப்பு வேறு வகையானது. பொட்டலம் போட்டால்தானே உறைச்சீட்டு விதி என்று சில்லறையாக அள்ளிக் கொடுப்பது, பேரங்காடிக்குப் போகாமல் திருவிழாக் கடையோடும் சந்தையோடும் நிறுத்திக்கொள்வது, வளர வாய்ப்பிருந்தும் வளராமல் இருப்பது. இந்தச் சத்தமில்லாத விலகல் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஆனால் பொதுநலத்துக்கு இதைப் போலக் கேடு வேறில்லை: விதி யாரைக் காக்க வந்ததோ அந்த நுகர்வோர் வாங்கும் பண்டம் சோதனையின் பார்வைக்கே வராமல் போகிறது.

இதே மோதல் வெளிப்படையாக நடந்து, சட்டமே திருத்தப்பட்ட இடம் அமெரிக்கா. 2007இல் மேட்டல் முதலிய பெரிய நிறுவனங்கள் ஈயம் கலந்த வண்ணம் பூசிய பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற நேர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. குழந்தைகளுக்கான ஒவ்வொரு பண்டத்தையும் வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்று அது விதித்தது. வீட்டில் மரப்பொம்மை செதுக்குபவரும் குழந்தைச் சட்டை தைப்பவரும் சீன ஆலையில் கோடிக்கணக்கில் செய்விப்பவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே பட்டார்கள். சிறு உற்பத்தியாளர்கள் கைவினைப் பொம்மைக் கூட்டணி என்ற அமைப்பாகத் திரண்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த 2009 பிப்ரவரி 10க்கு ‘தேசியத் திவால் நாள்’ என்று பெயர் சூட்டினார்கள். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சோதனை விதியின் அமலாக்கத்தைப் பலமுறை தள்ளிவைத்தது. இதற்கிடையே மேட்டலின் சொந்த ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. யாரால் சட்டம் வந்ததோ அவர் தம் வீட்டிலேயே சோதித்துக்கொள்ள, தவறே செய்யாதவர் வெளியே காசு கட்டி நின்றார்.

2011இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மிகாமல், ஒரு பண்டத்தை ஆண்டுக்கு 7,500க்கு மேல் செய்யாதவர்கள் சிறு தொகுதி உற்பத்தியாளர்களாகப் பதிந்துகொண்டால் வெளி ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெறலாம் என்று அந்தத் திருத்தம் வகுத்தது. பாதுகாப்பு எல்லைகளில் யாருக்கும் விலக்கில்லை. வண்ணத்தில் ஈயம் போன்ற சில கடுமையான ஆபத்துகளுக்குச் சோதனையிலும் விலக்கில்லை. பதப்படுத்தாத மரம், பருத்தி, கம்பளி போன்றவை இயல்பிலேயே ஈயமற்றவை என்று அதற்கு முன்பே பட்டியலிடப்பட்டிருந்தன. 2011 நவம்பரில் வந்த இன்னொரு விதி அதிகம் பேசப்படவில்லை, ஆனால் புந்தோங்குக்குப் பொருத்தமானது: பொத்தானையும் வண்ணத்தையும் செய்து விற்பவர் முன்பே சோதித்துச் சான்று தந்திருந்தால், அவற்றைக் கொண்டு பொம்மை செய்பவர் அந்தச் சான்றையே காட்டலாம். சோதனை ஒழியவில்லை. சரக்கு குவிந்திருக்கும் இடத்துக்கு நகர்ந்தது.

இந்தியா வேறு வழியில் போனது. 2006இல் இயற்றிய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் உட்பட நாடெங்கும் சிறு வணிகர்கள் எதிர்த்தார்கள். உரிமம் பெறும் காலக்கெடு ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு 2016 வரை வந்தது. அச்சட்டத்தில் ஒரு நல்ல படிநிலை உண்டு: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர் 100 ரூபாய் கட்டிப் பதிந்துகொண்டால் போதும், முழு உரிமம் வேண்டாம் என்று தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானபோதும் பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு தரப்பட்டது. தஞ்சாவூர்த் தலையாட்டியைச் செய்பவர் ஆய்வுக்கூட வாசலில் நிற்க வேண்டியதில்லை. அவரது கைத்திறன் வண்ணத்தில் ஈயம் இல்லை என்பதற்குச் சான்றாகுமா என்ற கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது.

அளவை வைத்து விலக்குத் தரும் எந்த முறையும் இந்தக் கேள்வியில் வந்து முட்டும். கம்பார் சம்பவம் இதற்கு ஓரளவு விடை சொல்கிறது, ஏனெனில் அதில் இரண்டு வகை ஆபத்துகள் ஒரே தட்டில் வந்தன. அஃப்ளாடாக்சின் பூஞ்சையால் விளைவது. பட்டறைக்காரர் வேண்டுமென்று சேர்ப்பதல்ல. போரிக் அமிலம் அப்படியன்று; நூடுல்ஸ் கெடாமலும் நெகிழாமலும் இருக்க ஒருவர் கையால் போட்டால்தான் உண்டு. முன்னது மூட்டையோடு வரும், பின்னது பட்டறையில் சேரும். முதல் வகைக்குப் பட்டறைதோறும் சோதனை வைப்பது வீண்செலவு. அதைத் துறைமுகத்திலும் மொத்தக் கிடங்கிலும் பிடிக்கலாம். இரண்டாம் வகையைத் துறைமுகத்தில் தேடிப் பயனில்லை, பட்டறைக்கு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். சிறியவர் என்பதற்காக முதல் சோதனையிலிருந்து விலக்கலாம். இரண்டாவது பார்வையிலிருந்து யாரையும் விலக்குவதற்கு இடமில்லை.

இரண்டாவது பார்வைக்கு ஆகும் செலவும் அவ்வளவு பெரிதல்ல. போரிக் அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள் எல்லார் அடுக்களையிலும் இருக்கிறது: மஞ்சள். மஞ்சள் சாற்றில் தோய்த்து உலர்த்திய காகிதத்தில், அமிலம் சேர்த்த உணவுச் சாற்றை விட்டு உலரவைத்தால், போரிக் அமிலம் இருக்குமிடம் செம்பழுப்பாகும். அதன்மேல் அம்மோனியா பட்டால் கரும்பச்சைக்கு மாறும். வேதியியல் பள்ளிப்பாடம்தான். எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லாது, ஆனால் இருக்கிறதா என்று சொல்லும். அறவே கூடாத பொருளுக்கு அந்த விடை போதும். அஃப்ளாடாக்சினுக்கு இவ்வளவு மலிவான வழி இல்லை. திரவ நிறப்பகுப்புக் கருவியும் அதற்கான வடிகுழாய்களும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். சோதனை என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. விலை அதிகம் என்ற முறையீட்டைக் கேட்பவர்கள் எந்தச் சோதனையின் விலை என்று திருப்பிக் கேட்பது நல்லது.

மூட்டையோடு வரும் நஞ்சுக்கும் பட்டறையில் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு, அது புந்தோங்குக்குப் புதிதும் அல்ல. நஞ்சின் பெரும்பகுதி சுருங்கிய, நிறம் மாறிய, பூத்த, பூச்சி துளைத்த பருப்புகளில்தான் இருக்கிறது. அவற்றைப் பொறுக்கி எறிவது இன்றுவரை அறியப்பட்ட தடுப்புகளில் மிகப் பயனுள்ளது. பெரிய ஆலைகள் அதற்கு ஒளிக்கண் பொருத்திய இயந்திரம் வைத்திருக்கின்றன. முறத்தில் பரப்பி விரலால் சொத்தைக் கடலை தள்ளும் பெண்களின் கைக்கும் அதே வேலைதான். இன்னொன்று ஈரம். உடைத்த பருப்பின் ஈரப்பதம் 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் பூஞ்சை வளராது. ஈப்போ மழைக்குச் சிமெண்டுத் தரையில் சுவரோடு சாய்த்த மூட்டை நாலே நாளில் நீர் கோத்துவிடும். மரச்சட்டத்தின் மேல் சுவரை விட்டுத் தள்ளி அடுக்கினால் கோக்காது. மெஸ்தி சான்றிதழுக்கான ஆய்வில் அதிகாரி பார்ப்பவையும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே: தரை, வடிகால், சேமிப்பு, கை கழுவுமிடம், பதிவேடு. இவை செய்முறைக் கட்டுப்பாடு. கடைசியில் வந்த பண்டத்தைச் சோதிப்பதைவிட இவற்றுக்குச் செலவு குறைவு, பலன் அதிகம். பொறுக்கி எறிந்த சொத்தைக் கடலை வேறு பண்டத்துக்கோ தீவனத்துக்கோ போய்ச் சேராமல் பார்ப்பதும் இதில் அடங்கும்.

சோதனையின் பாரத்தைச் சிறியவரின் தோளிலிருந்து இறக்கிய முன்மாதிரி பேராக் மண்ணிலேயே உண்டு. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட கன்றுகளோடு இம்மாநிலத்தில் தொடங்கிய ரப்பர், நெடுங்காலம் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கப்பட்டது. புகையூட்டிய ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புள்ளி, குமிழி, பூஞ்சை பார்த்து வணிகர் தரம் சொல்வார். சிறு தோட்டக்காரரின் ஷீட் முதல் தரத்தில் விழுவது அபூர்வம். எதிர்த்துப் பேச அவரிடம் அளவுகோல் ஒன்றும் இல்லை. 1965இல் தரப்படுத்திய மலேசிய ரப்பர் என்ற எஸ்.எம்.ஆர். திட்டம் வந்தது. ரப்பரைக் கட்டியாக்கி, அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், ஆவியாகும் பொருள், நெகிழ்வுத் தாக்குப்பிடிப்பு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து, அளவைச் சொல்லி விற்கும் முறை அது. எஸ்.எம்.ஆர். 5, 20 என்ற பெயர்களில் உள்ள எண் தொடக்கத்தில் அழுக்கின் உச்ச அளவைக் குறித்தது: 0.05 விழுக்காடு, 0.20 விழுக்காடு. இவ்வளவு சோதனை புகுந்தும் மங்கில் பால் எடுக்கும் சிறு தோட்டக்காரர் ஆய்வுக்கூடக் கட்டணம் என்று ஒரு காசும் நேரே கட்டவில்லை. அவர் பாலையும் கட்டிப்பாலையும் விற்றார். பலரது பாலும் ஒன்றாகச் சேரும் ஆலையில் சோதனை நடந்தது. எடையிலும் உலர் ரப்பர் அளவிலும் ஏமாற்றுகிறார்கள் என்ற பழைய புகார் அதனால் ஒழியவில்லை, அது வேறு கதை. சோதனைச் செலவின் கணக்கு மட்டும் சரியான இடத்தில் வைக்கப்பட்டது.

செம்பனையிலும் பின்னர் இதுவே நடந்தது. எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் மலேசியாவில் கட்டாயமானபோது சிறு தோட்டக்காரர்களைக் குழுக்களாகச் சேர்த்து, அவர்களது தணிக்கைச் செலவை அரசு ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புக்கு எதிரான சட்டத்தின்போது நிலைமை வேறு. ரப்பரும் செம்பனையும் விளைந்த நிலத்தின் அமைவிடத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டினால்தான் ஐரோப்பாவில் விற்கலாம் என்பது அதன் சாரம். மலேசியச் சிறு தோட்டக்காரர் அமைப்புகள் அந்த ஆண்டு மார்ச்சில் கோலாலம்பூரிலுள்ள ஐரோப்பியத் தூதுக்குழுவிடம் எதிர்ப்பு மனு கொடுத்தன. அச்சட்டத்தின் அமலாக்கமும் தள்ளிப்போனது. பண்டத்தின் பாதுகாப்பு பற்றிய விதி அல்ல என்றாலும் வழக்கு ஒன்றுதான்: மெய்ப்பிக்கும் கடமையைச் சங்கிலியின் மிக மெலிந்த கண்ணியில் கட்டினால் அது அறுகிறது அல்லது கழன்றுகொள்கிறது.

கடலைக்கு இந்தக் கணக்கைப் பொருத்துவது கடினமல்ல. மலேசியா உண்ணும் நிலக்கடலையில் பெரும்பகுதி இந்தியா, சீனா போன்ற நாடுகளிலிருந்து கொள்கலனில் வருகிறது. சுகாதார அமைச்சின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ஆபத்துக்கேற்ற படிநிலைகள் உண்டு; சரக்கை நிறுத்தி, மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகே விடுவிக்கும் நிலையும் அவற்றில் ஒன்று. ஆக, 25 டன்னுக்கு 20 கிலோ மாதிரி எடுக்கத்தக்க இடமும் அதற்கான அதிகாரமும் ஏற்கெனவே இருக்கின்றன. குறை, அந்தச் சோதனையின் முடிவு மூட்டையோடு பயணம் செய்யாததில்தான். இறக்குமதியாளரிடமிருந்து மொத்த வணிகருக்கும், அங்கிருந்து ஈப்போ கடைக்கும் சரக்கு கைமாறும்போது காகிதம் எங்கோ நின்றுவிடுகிறது. புந்தோங்கில் மூட்டை இறங்கும்போது அது எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல யாருமில்லை. பிறகு ஒரு நாள் பேரங்காடியோ ஏற்றுமதி முகவரோ சோதனைச் சான்று கேட்டால், ஏற்கெனவே ஒருமுறை சோதித்திருக்கக்கூடிய சரக்குக்கு வறுப்பவர் மீண்டும் காசு கட்ட வேண்டியிருக்கிறது.

தனித்தனியே வாங்குவதை விட்டுக் கிராமத்தார் சேர்ந்து கொள்கலன் கணக்கில் வாங்கினால் பேரம் பேசும் பலமும் சான்று கேட்கும் பலமும் ஒன்றாக வரும். சிறு தொகைகளைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது பேராக் தமிழர் அறியாததல்ல. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளரின் சந்தாவைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்கிய முறையில் கடலை மூட்டை வாங்குவதற்குப் புதிய சட்டமோ மானியமோ வேண்டியதில்லை.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காத இடத்தில். 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின் இரண்டாம் பகுதிக்குத் தலைப்பே ‘உத்தரவாதம்’. உணவைச் செய்பவரும் விநியோகிப்பவரும் விற்பவரும் தம்மிடம் வாங்கும் வணிகருக்கு அதன் தன்மை பற்றி எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த முறை மூட்டை இறக்கும்போது, விலைச்சீட்டோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்கி, சரக்கின் தொகுதி எண்ணை அதில் எழுதச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள்.